சுயமுன்னேற்ற வகுப்பில் நான் காட்டும் ‘ஆய்வுகள்’ உண்மையில் நடந்தவைதானா?

கேள்வி: ஏழாம்_பாடவேளை

நாமக்கல் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். இந்தப் பருவத்திலிருந்து இறுதியாண்டு மாணவர்களுக்கு வாரம் இரண்டு பாடவேளை ‘ஆளுமை மேம்பாடு’ வகுப்பையும் நானே எடுக்க வேண்டும் என்று வேலைவாய்ப்புப் பிரிவினர் சொல்லிவிட்டார்கள். பாடக்குறிப்பு என்ற பெயரில் என்னிடம் வந்தது 84 ஸ்லைடுகள் கொண்ட ஒரு தொகுப்பு. அதைத் தயாரித்தவர் யார் என்ற குறிப்பு எங்கும் இல்லை. மூன்று பயிற்சி நிறுவனங்களின் சின்னங்கள் வெவ்வேறு பக்கங்களில் அரைகுறையாக அழிக்கப்பட்டிருப்பதைப் பார்த்தால், பல கைகள் மாறி வந்திருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது.

அத்தொகுப்பில் ஏறக்குறைய ஒவ்வொரு பக்கமும் ‘ஆய்வுகள் கூறுகின்றன’ என்றே தொடங்குகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் 1953ஆம் ஆண்டு பட்டம் பெற்றவர்களில் 3 விழுக்காட்டினர் மட்டுமே தம் இலக்குகளை எழுதி வைத்திருந்தனர் என்றும், இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அவர்களின் சொத்து மற்ற 97 விழுக்காட்டினரின் மொத்தச் சொத்தையும் மிஞ்சியிருந்தது என்றும் ஒரு பக்கம் சொல்கிறது. நாம் பேசுவதில் சொற்களின் பங்கு வெறும் 7 விழுக்காடு, மீதி 93 விழுக்காடும் குரலும் உடல்மொழியுமே என்பது இன்னொரு பக்கம். எந்தப் பழக்கத்தையும் 21 நாள் விடாமல் செய்தால் அது நிலைத்துவிடும் என்பது வேறொன்று. நேர்முகத் தேர்வுக்கு முன் இரண்டு நிமிடம் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நின்றால் உடலின் ஹார்மோன்களே மாறிவிடும் என்பதும், கண்ணாடி முன் நின்று ‘நான் வெற்றியாளன்’ என்று நாள்தோறும் சொல்ல வேண்டும் என்பதும் அவற்றைத் தொடர்ந்து வருகின்றன. எதற்கும் ஆய்வாளரின் பெயர் இல்லை.

மூன்றாவது வாரம், அதிகாலை ஐந்து மணிக்கு எழுபவர்களே உலகை ஆளுகிறார்கள் என்ற பக்கத்தைத் திரையில் போட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். தான் தினமும் நான்கு மணிக்கே எழுந்து, இரண்டு மாடுகளையும் கறந்து, ஐந்தரைக்குள் சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு, ஆறரைக்குக் கல்லூரிப் பேருந்தைப் பிடிப்பதாகச் சொன்னார். “அப்படியானால் நான் எதை ஆள்கிறேன், மேடம்?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது, அவரும் சிரித்தார். நான் பதில் சொல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து அதுதான் உறுத்திக்கொண்டிருக்கிறது.

வகுப்பை நிறுத்தும் அதிகாரம் எனக்கு இல்லை; 62 பேருக்கு இது கட்டாயப் பாடம். எனவே அறிந்தவர்களிடம் கேட்கிறேன். இவற்றில் எவை உண்மையில் நடந்த ஆய்வுகள்? நடந்திருந்தால் அவை சொன்னது இதைத்தானா? எதை மனசாட்சியோடு அந்தப் பிள்ளைகள் முன் வைக்கலாம்?


மறுமொழி: மைக்கை_வைத்துவிட்டவன்

வணக்கம் மேடம். கோவை, ஈரோடு, சேலம் வட்டாரத்துக் கல்லூரிகளிலும் நூற்பாலைகளிலும் பதினோர் ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்தவன் நான். உங்களிடம் வந்த தொகுப்பின் ஏதோ ஒரு மூலப்படியை நானே காட்டியிருக்கவும் கூடும் என்பதால், இதைக் குற்றம் சாட்டுகிறவனாக அல்லாமல் உடந்தையாக இருந்தவனாகவே எழுதுகிறேன்.

யேல் கதையை நான் குறைந்தது முந்நூறு மேடைகளில் சொல்லியிருப்பேன். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்த மூத்த பயிற்சியாளர் ஓர் அமெரிக்கப் பேச்சாளரின் ஒலிநாடாவில் கேட்டதாகச் சொன்னார். அந்தப் பேச்சாளர் எங்கே கேட்டார் என்று நாங்கள் இருவரும் யோசித்ததே இல்லை. ஒருநாள் கூட்டத்தில் அமர்ந்திருந்த ஒரு கணக்குத் தணிக்கையாளர், “அது எந்த ஆய்விதழில் வெளிவந்தது?” என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். வீட்டுக்கு வந்து தேடினேன். அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. 1996இல் ஓர் அமெரிக்க வணிக இதழ் இதைத் துருவிப் பார்த்தபோது, கதையைச் சொல்லிவந்த புகழ்பெற்ற பேச்சாளர்களில் ஒருவர் இன்னொருவரைக் காட்ட, அவர் மூன்றாமவரைக் காட்ட, கடைசியில் விரல் முதலாமவரிடமே வந்து நின்றிருக்கிறது. யேல் தரப்பிலும் அப்படி ஓர் ஆய்வின் தடயம் எதுவும் கிடைக்கவில்லை. இதையெல்லாம் படித்து முடித்த மறுநாள் பெருந்துறையில் எனக்கு ஒரு நிகழ்ச்சி இருந்தது. அங்கும் அதே பக்கத்தைத்தான் காட்டினேன். வேறு பக்கம் என்னிடம் இல்லை.

இந்தத் தொழிலின் அடிப்படைக் கோளாறு பொய்யான ஆய்வுகளில் மட்டும் இல்லை. அவை பொய் என்று தெரியவருவதற்கான வழியே அதில் அமைக்கப்படவில்லை என்பதுதான் பெரிய கோளாறு. ஒருநாள் பயிற்சி எப்படி ஓடும் என்று சொல்கிறேன். காலையில் கைத்தட்டலும் கூச்சலும். மதிய உணவுக்குப் பின் தூக்கம் வராதிருக்க ஒரு விளையாட்டு. நான்கு மணிக்கு விளக்குகளை அணைத்து, மெல்லிய இசையை ஓடவிட்டு, கண்களை மூடச் சொல்லி, தாயும் தகப்பனும் தமக்காகப் பட்ட பாட்டை நினைக்கச் சொல்வோம். பிறகு அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்வோம். பாதி அரங்கு விம்மிக்கொண்டிருக்கும். விளக்கைப் போட்டு, அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் அந்த நிமிடத்தில்தான் ஃபீட்பேக் ஃபார்ம் கையில் தரப்படும். பத்துக்கு ஒன்பதரை மதிப்பெண் வராத நாள் மிகக் குறைவு. கல்லூரி எங்களுக்குப் பணம் தருவதும், அடுத்த ஆண்டு மீண்டும் அழைப்பதும் அந்தத் தாளை வைத்துத்தான். ஆறு மாதம் கழித்து, அழுத பிள்ளைகளில் யாருக்கு என்ன மாறியது என்று பதினோர் ஆண்டுகளில் ஒரு முதல்வர்கூட எங்களிடம் கேட்கவில்லை. நாங்களும் போய்ப் பார்க்கவில்லை.

போய்ப் பார்க்காவிட்டாலும், தோற்றவர்கள் சிலர் தாமாகவே திரும்பி வருவார்கள். ஒரு ஜவுளிக்கடை மேற்பார்வையாளர் எங்கள் இரண்டு நாள் வகுப்புக்கு மூன்று முறை வந்தார். மூன்றாம் முறை, சொன்னபடியெல்லாம் செய்தும் கடன் அடையவில்லை என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அதற்கு எங்களிடம் ஒரு பதில் தயாராக இருந்தது: “முழு நம்பிக்கையோடு செய்தீர்களா?” எந்த மனிதனும் நெஞ்சில் கைவைத்து இதற்கு ஆம் என்று சொல்ல முடியாது. அவரும் தலையைக் குனிந்துகொண்டார். வட்டிக்கு வாங்கிய பணத்தில் அவர் எங்களுக்குக் கட்டணம் கட்டியிருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மருந்து வேலை செய்யவில்லை என்றால் நோயாளியைத் திட்டுகிற மருத்துவரை நாம் எத்தனை நாள் பொறுப்போம்?

இந்த மனப்போக்கு எல்லை கடந்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆர்தர் ரே ஒரு சாட்சி. நினைப்பது நடக்கும் என்று சொல்லி உலகப் புகழ் பெற்ற 2006ஆம் ஆண்டு ஆவணப்படத்தில் தோன்றியவர் அவர். 2009 அக்டோபரில் அரிசோனாவின் செடோனா அருகே, தலைக்கு 9,000 டாலருக்கு மேல் கட்டணம் வாங்கி நடத்திய முகாமில், நீரும் உணவுமின்றி நோன்பிருந்தவர்களைக் கொதிக்கும் கற்கள் வைத்த மூடிய கூடாரத்துக்குள் அமர்த்தினார். மூன்று பேர் இறந்தனர். 2011இல் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக நீதிமன்றம் தீர்ப்பளித்து இரண்டு ஆண்டு சிறை விதித்தது. வெளியே வந்தபின் அவர் மீண்டும் பயிற்சி நடத்தினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் 84 ஸ்லைடுகளுக்கும் அந்தக் கூடாரத்துக்கும் வெகுதூரம் என்பதை அறிவேன். ஆனால் உடல் வேண்டாம் என்று சொல்லும்போது அதைப் பலவீனம் என்று அழைக்கும் பழக்கத்தை நான் எங்கள் அரங்குகளிலும் பார்த்திருக்கிறேன்.


மறுமொழி: எண்ணும்_மனமும்

உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். யேல் கதையை முன்னவர் முடித்துவிட்டார், மற்றவற்றைப் பார்க்கலாம்.

93 விழுக்காட்டுக் கணக்கின் மூலம் கலிஃபோர்னியாவில் ஆல்பர்ட் மெஹ்ராபியன் குழுவினர் 1967இல் வெளியிட்ட இரண்டு சிறு ஆய்வுகள். ஒன்றில் ‘நன்றி’, ‘அன்பே’, ‘பயங்கரம்’ போன்ற ஒன்பது தனிச்சொற்களை வெவ்வேறு தொனியில் ஒலிக்கவிட்டு, பேசுபவரின் விருப்பு வெறுப்பை ஊகிக்கச் சொன்னார்கள். மற்றொன்றில் ‘இருக்கலாம்’ என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்லோடு முகப் புகைப்படங்களைச் சேர்த்துக் காட்டினார்கள். இரண்டையும் இணைத்துப் பெற்ற கணக்குதான் சொல்லுக்கு 7, குரலுக்கு 38, முகத்துக்கு 55. சொல் ஒன்று சொல்ல, குரலும் முகமும் வேறொன்று சொல்லும்போது, ஒருவருக்கு நம்மைப் பிடிக்கிறதா இல்லையா என்பதை நாம் எதை வைத்து முடிவு செய்கிறோம் என்பதே அங்கே கேள்வி. உணர்வும் மனப்பாங்கும் அல்லாத பேச்சுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்று மெஹ்ராபியனே எழுதியிருக்கிறார். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்த இழையில் முகமும் இல்லை, குரலும் இல்லை. இதில் 7 விழுக்காடுதான் உங்களுக்குப் புரிகிறது என்றால் நான் எழுதுவதை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஒரு பொறியியல் மாணவரிடம், நேர்முகத் தேர்வில் நீ சொல்லும் விடையைவிட நிற்கும் விதம் பதின்மடங்கு முக்கியம் என்று சொல்வது அவருக்குச் செய்யும் நேரடித் தீங்கு என்றே கருதுகிறேன்.

21 நாள் கணக்கு ஒரு முக அறுவை மருத்துவரிடமிருந்து வந்தது. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அவர், அறுவை முடிந்தவர்கள் தம் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்று 1960இல் வெளிவந்த தம் நூலில் குறிப்பிட்டார். அடுத்தடுத்துச் சொன்னவர்கள் ‘குறைந்தது’ என்பதை உதிர்த்தார்கள், பிறகு ‘சுமார்’ என்பதை உதிர்த்தார்கள், கடைசியில் முகத்தையும் உதிர்த்துவிட்டு நாளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நிகழும் நிலையை எட்ட ஆன காலம் நடுமதிப்பாக 66 நாள். ஆனால் அது ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 நாளிலிருந்து 254 நாள் வரை விரிந்து கிடந்தது. ஒரு குவளை நீர் குடிப்பது எளிதில் பழக்கமாயிற்று, உடற்பயிற்சிக்குக் கூடுதல் நாள் ஆயிற்று. இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய கெடுதல் இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ‘21 நாள், ஒருநாள்கூட விடக்கூடாது’ என்று கேட்டு, பன்னிரண்டாம் நாள் காய்ச்சலில் விட்டுவிட்டு, தனக்கு மனஉறுதி இல்லை என்று முடிவு கட்டிய மாணவி ஒருத்தியை எனக்குத் தெரியும். அவளிடம் சொல்ல வேண்டியிருந்த ஒரே செய்தியைத்தான் அந்தப் பயிற்சி மறைத்துவிட்டது.

இடுப்பில் கைவைக்கும் நிலை பற்றி 2010இல் வெளிவந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் 42 பேர். 2015இல் வேறொரு குழு 200 பேரிடம் செய்து பார்த்தபோது, தெம்பாக இருப்பதாகச் சொன்னார்களே தவிர ஹார்மோன் எதுவும் மாறவில்லை. மூல ஆய்வின் முதல் ஆசிரியரான டேனா கார்னி, அந்த விளைவு உண்மை என்று தாம் இப்போது நம்பவில்லை என 2016இல் வெளிப்படையாக அறிவித்தார். அது எளிதில் வராத நேர்மை. பயிற்சி அரங்குகளில் அவர் பெயர் சொல்லப்படுவதே இல்லை.

கண்ணாடி முன் சொல்லும் வாசகத்தைத்தான் நான் முதலில் நீக்கச் சொல்வேன். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோன் வுட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ‘நான் அன்புக்குரியவன்’ என்ற பொருளில் ஒரு வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தனர். ஏற்கெனவே தன்மதிப்பு மிகுந்தவர்களுக்குச் சிறிது நன்மை கிட்டியது. தன்மதிப்புக் குறைந்தவர்கள், அதாவது இந்த மருந்து யாருக்கென்று விற்கப்படுகிறதோ அவர்கள், முன்பைவிடத் தாழ்வாக உணர்ந்தனர். வாய் ஒன்றைச் சொல்லச் சொல்ல உள்ளே ஒரு குரல் ‘இல்லையே’ என்று மறுத்துக்கொண்டிருக்கும் அனுபவம் நமக்குப் புதிதல்ல.

உங்கள் இறுதியாண்டு மாணவர்களுக்கு நேரடியாகப் பொருந்துவது கேப்ரியேல் ஓட்டிங்கன் 2002இல் வெளியிட்டது. படிப்பை முடித்து வேலை தேடிய ஜெர்மானியப் பட்டதாரிகளை இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, நல்ல வேலையில் இருப்பதாக அடிக்கடி இனிமையாகக் கற்பனை செய்தவர்களுக்கு வந்த வேலைவாய்ப்புகளும் குறைவு, சம்பளமும் குறைவு. ஆனால் ‘எனக்குக் கிடைக்கும்’ என்று தம் நிலையை எடைபோட்டு எதிர்பார்த்தவர்களுக்கு நன்றாகவே கிடைத்தது. எதிர்பார்ப்பும் பகற்கனவும் வெவ்வேறு. ‘காட்சிப்படுத்துங்கள்’ என்று சொல்லும் ஸ்லைடு இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறது.

அப்படியானால் எதைத்தான் சொல்வது என்று கேட்பீர்கள். ‘எப்போது, எங்கே, எப்படி’ என்று குறித்து வைக்கும் எளிய வழக்கம் உண்மையிலேயே உதவுகிறது. பீட்டர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 சோதனைகளைத் திரட்டிப் பார்த்து இதை உறுதிசெய்தனர். இங்கும் நடைமுறையில் கிடைப்பதன் அளவைப் பாருங்கள்: அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் ஊழியர்களுக்குக் காய்ச்சல் தடுப்பூசி பற்றி அனுப்பிய அஞ்சலில், போகும் தேதியையும் நேரத்தையும் எழுதிக்கொள்ள ஓர் இடம் விட்டபோது, ஊசி போட்டுக்கொண்டவர்கள் நூற்றுக்கு 33 என்பதிலிருந்து 37 ஆக உயர்ந்தனர். நான்கு பேர்தான் கூடுதல். மலிவான வழியில் நான்கு பேர் என்பது உண்மையில் நல்ல பலன், ஆனால் இதைச் சொல்லி எந்த அரங்கையும் நிரப்ப முடியாது.


மறுமொழி: வைகறை_ஓட்டம்

சற்று மாறுபடுகிறேன். ஐந்து மணிக்கு எழத் தொடங்கிய பின்புதான் நான் போட்டித் தேர்வில் தேறினேன். இந்தத் துறையில் போலிகள் உண்டு என்பதற்காக, உழைக்கத் தூண்டும் எல்லாவற்றையும் ஏளனம் செய்தால் இளைஞர்களுக்கு எஞ்சுவது சோம்பலுக்கான சாக்கு மட்டுமே. எல்லா ஆய்வையும் படித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டுமா?


மறுமொழி: எண்ணும்_மனமும்

உங்கள் வெற்றியை யாரும் ஏளனம் செய்யவில்லை, நண்பரே. நீங்கள் எழுதிய அதே அறையில், ஐந்து மணிக்கு எழுந்து படித்துத் தேறாமல் போனவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களை எந்த மேடையிலும் ஏற்றமாட்டார்கள் என்பதுதான் சிக்கல். தேறியவரைக் கேட்டு மட்டும் வழி எழுதினால், அவர் காலையில் குடித்த காபியும் வழியாகிவிடும்.


மறுமொழி: ஓய்வுபெற்ற_கிளைநூலகர்

முப்பத்திரண்டு ஆண்டுகள் கிளை நூலகங்களில் பணியாற்றியவன். நூல்களை எழுதியவர்களைவிட, அவற்றை எடுத்துப் போனவர்களை எனக்கு அதிகம் தெரியும். சுயமுன்னேற்ற நூல்களுக்கு ஓர் அடையாளம் உண்டு: முதல் முப்பது நாற்பது பக்கங்கள் கைபட்டு மங்கியிருக்கும், அடிக்கோடுகளும் இருக்கும், அதற்கு மேல் தாள் புதிதாகவே இருக்கும். திருப்பிக் கொடுக்க வருகிறவர் அதே அடுக்கிலிருந்து இன்னொன்றை எடுத்துக்கொண்டு போவார். ஏன் முடிக்கவில்லை என்று ஒருவரிடம் கேட்டேன். “தொடங்கும்போது வருகிற தெம்புக்காகத்தான் சார் எடுக்கிறேன்” என்றார். இந்தத் துறையைப் பற்றி நான் கேட்ட கருத்துகளில் இதற்கு மேல் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் அந்தத் தெம்பை நான் இகழமாட்டேன். எண்பதுகளில் வேலையில்லாமல் நூலகத் திண்ணையில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்த பையன்கள் எம்.எஸ். உதயமூர்த்தியின் எழுத்துக்காகக் காத்திருந்ததைக் கண்டவன் நான். ‘உன்னால் முடியும்’ என்று அவர்களிடம் சொல்ல வீட்டில் ஆளில்லை, ஊரில் ஆளில்லை; தாளில் ஒருவர் சொன்னார். உதயமூர்த்தி அதோடு நிற்கவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்காவில் வசதியாக இருந்தவர், இங்கே திரும்பி வந்து மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கினார், நதிநீர் இணைப்பைப் பேசினார். அதில் எவ்வளவு நடந்தது என்பது வேறு விவாதம். தனி மனிதனின் ஊக்கத்துக்கு அடுத்த படி பொதுக்காரியம் என்று அவர் கருதினார். இன்றைய மேடைகளில் அடுத்த படி என்பது இன்னும் அதிகக் கட்டணமுள்ள அடுத்த நிலைப் பயிற்சி.

இந்தத் துறைக்கே பெயர் தந்த நூலின் பிறப்பும் அப்படிப்பட்டதுதான். ஸ்காட்லாந்துக்காரரான சாமுவேல் ஸ்மைல்ஸ் ‘செல்ஃப் ஹெல்ப்’ (தன்னுதவி) என்ற பெயரில் 1859இல் வெளியிட்ட அந்நூலின் முன்னுரையில் அவரே அதைச் சொல்கிறார். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மிக எளிய நிலையில் இருந்த இரண்டு மூன்று இளைஞர்கள், ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவருக்குச் சொல்லிக்கொடுப்பது என்று குளிர்கால மாலைகளில் கூடத் தொடங்கினர். ஆள் பெருகியதும் வாடகைக்கு ஓர் இடம் பிடித்தனர். அது காலரா நோயாளிகளுக்குத் தற்காலிக மருத்துவமனையாக இருந்த இருண்ட அறை. வேறு யாரும் அங்கே குடிவர அஞ்சினார்கள், இவர்கள் அஞ்சவில்லை. எழுத்து, கணக்கு, புவியியல் என்று தமக்குள் கற்றுக்கொண்ட அவர்கள் கூட்டம் நூறு பேர் அளவுக்கு வளர்ந்தபின், பேச வருமாறு ஸ்மைல்ஸை அழைத்தனர். அந்தப் பேச்சுகளிலிருந்து முளைத்ததுதான் நூல். தன்னுதவி என்று நாம் இன்று அழைப்பது, பரஸ்பர உதவிக்காக வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் பிறந்தது. பெயர் மட்டும் தங்கி, அறையும் கூட்டமும் போய்விட்டன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெற்றிக்கு வரலாறு எழுதுவதுபோல் தோல்விக்கும் புளூட்டார்க்கைப் போல (பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய பழங்காலக் கிரேக்க ஆசிரியர் அவர்) ஒருவர் ஏன் எழுதக்கூடாது என்று அந்தக் காலத்திலேயே ஸ்மைல்ஸைக் கேட்டிருக்கிறார்கள். எழுதலாம்தான், ஆனால் வெறும் தோல்விகளின் பட்டியல் மனத்தைச் சோர்வடையச் செய்யும், அதனால் கற்கவும் ஒன்றுமில்லை என்கிற பொருளில் 1866ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் பதில் சொன்னார். பயிற்சியாளர் தம்பி சொன்ன ஜவுளிக்கடைக்காரர் அன்றே விடுபட்டுப் போனார் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் மேடைகளில் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும் என்ற குறளைச் சொல்லாமல் எந்தப் பேச்சும் தொடங்குவதில்லை. குறள் சொல்வது கூலியை. உடல் வருந்திய அளவுக்கு ஊதியம் உண்டு என்கிறது; கோடி உண்டு என்று எங்கும் சொல்லவில்லை. வள்ளுவர் தந்த வாக்குறுதி அந்தத் தடுப்பூசிக் கணக்கைப் போல அடக்கமானது, அம்மா. அதை நீங்கள் தயங்காமல் வகுப்பில் சொல்லலாம்.


மறுமொழி: மைக்கை_வைத்துவிட்டவன்

ஐயா, விடுபட்டுப் போனவர் என்று நீங்கள் எழுதியது சரி. அவர் பெயர்கூட என் நினைவில் இல்லை. மூன்று முறை வந்தவர் என்பது மட்டும் இருக்கிறது. மேடத்துக்கு ஒரு நடைமுறை யோசனை: பருவ இறுதியில் வாங்கும் ஃபீட்பேக் ஃபார்மை வகுப்பு முடிந்த அன்றே வாங்காதீர்கள். இரண்டு மாதம் கழித்து வாங்குங்கள், அதில் ‘வகுப்பு எப்படி இருந்தது’ என்று கேட்காமல் ‘இதில் எதையாவது செய்தீர்களா, என்ன ஆயிற்று’ என்று கேளுங்கள். மதிப்பெண் நிச்சயம் குறையும். அதற்கு உங்கள் வேலைவாய்ப்புப் பிரிவினரை முன்கூட்டியே தயார் செய்து வையுங்கள்.


மறுமொழி: ஏழாம்_பாடவேளை

அனைவருக்கும் நன்றி. நான்கு வாரம் கழித்து எழுதுகிறேன்.

யேல், 93, இடுப்பில் கைவைத்தல், கண்ணாடி ஆகிய பக்கங்களை நீக்கவில்லை. மாறாக அவற்றையே இரண்டு வாரப் பாடமாக்கினேன். குழுவுக்கு ஒன்று கொடுத்து, மூலம் எது என்று தேடி வரச் சொன்னேன். யேல் கதையைத் தேடிய குழு, அதே கதை ஹார்வர்ட் பெயரிலும் உலவுவதைக் கண்டுபிடித்து வந்தது. ஆங்கிலம் பேசத் தயங்கும் ஒரு மாணவி, மெஹ்ராபியனின் ஒன்பது சொற்களையும் வெவ்வேறு தொனியில் நடித்துக்காட்டி, பிறகு வெப்பஇயக்கவியலின் இரண்டாம் விதியை முகபாவத்தால் மட்டும் விளக்க முயன்றாள். இந்தப் பாடவேளையில் வகுப்பு இவ்வளவு விழித்திருந்து நான் பார்த்ததில்லை.

அடுத்து, திறனறித் தேர்வுக்கான பயிற்சியை எப்போது, எங்கே செய்யப் போகிறீர்கள் என்று ஆளுக்கொரு தாளில் எழுதச் சொன்னேன். அதில் நான் எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. 62 பேரில் 23 பேர் ‘காலைப் பேருந்தில்’ என்று எழுதி, பக்கத்திலேயே ‘பாட்டுச் சத்தம் இல்லாவிட்டால்’ என்றும் குறித்திருந்தார்கள். கல்லூரிப் பேருந்துகளில் ஒன்றேகால் மணி நேரமும் திரைப்பாடல் அலறுகிறது. வீட்டில் தனியறை இல்லாத பிள்ளைகளுக்கு உட்கார்ந்து படிக்கக் கிடைக்கும் நேரம் அது ஒன்றுதான். மனஉறுதி பற்றி நான் ஒரு பருவம் முழுக்கப் பேசியிருந்தாலும் இது எனக்குத் தெரிந்திருக்காது. காலை நடைகளில் பாட்டை நிறுத்துமாறு போக்குவரத்துப் பொறுப்பாளருக்கு மாணவர் கையொப்பங்களோடு கடிதம் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. ஓட்டுநர் ஒருவர் மட்டும் தாமாகவே ஒலியைக் குறைத்திருக்கிறார்.

மாடு கறக்கும் மாணவரிடம் அன்று பதில் சொல்லாமல் போனதற்கு வகுப்பிலேயே வருத்தம் தெரிவித்தேன். அவர் தாளில், பேருந்தில் தூங்குவேன் என்றும், பயிற்சியை மதிய உணவு இடைவேளையில் நூலகத்தில் செய்வேன் என்றும் எழுதியிருந்தார். பாட்டு நின்றால் தூக்கம் இன்னும் நன்றாக வரும் என்று கடிதத்தில் முதல் கையொப்பம் போட்டவரும் அவர்தான்.